‘ஓடினான்’ என்பதற்கு ஒரு வாக்கியம்

லீட்ஸ்
8 நவம்பர் 1920

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் நம் மாடு கன்றுகளும் நலமென்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. மிசஸ் டிரான்மர் வீட்டில் என் அறைக்கு மட்டும் கணப்பு இல்லை என்பதை எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறீர்களோ! நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே.

அகராதி ஆபீஸில் எனக்கு ஒரு நல்ல காலம். இதுவரை மற்றவர்கள் எழுதிய சீட்டுகளை அடுக்கிக் கட்டுகிற வேலைதானே பார்த்துக்கொண்டிருந்தேன்? இப்போது டாக்டர் வைபர்ன் ஒரு சொல்லையே என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார். என்ன சொல் தெரியுமா? ‘ரன்’. வெறும் ஓடு. இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “மிஸ் ஆல்டர்சன், இந்த ஒண்ணு உங்களைக் கிழவியாக்கிடும். பரவாயில்லையா?” என்றார். “எப்படியும் ஆகத்தானே போறேன் சார்” என்றேன். சிரித்துவிட்டார். அவர் சிரிப்பது அபூர்வம்.

அவர் சொன்னது சரிதான் அம்மா. ஆறு ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, கடை ஓடுகிறது, சாயம் ஓடுகிறது, சாலை மலையைச் சுற்றி ஓடுகிறது. கோழி அடைக்கிற கம்பிக்கூட்டுக்கும் இதே பெயர்தான். காய்ச்சலுக்கும் இது வேண்டும், காலுறையில் நூல் இழுப்பதற்கும் இது வேண்டும். சீட்டுகள் என் மேஜையில் இடமில்லாமல் சன்னல் திண்டு வரைக்கும் வந்துவிட்டன. ஆனால் நம் பள்ளத்தாக்கிலிருந்து மட்டும் ஒன்றுமே இல்லை. வட்டார வழக்கு அகராதி என்று பெயர் வைத்துக்கொண்டு, நம் ஊர்ப் பேச்சு இல்லாமல் வந்தால் எனக்கு மானம் போய்விடும்.

அதனால் நீங்கள்தான் உதவ வேண்டும். ஒரு சீட்டில் ஒரு வாக்கியம். யார் சொன்னார்கள், எந்த ஊர், அவ்வளவுதான். ஒரே ஒரு விதி. வாக்கியத்தை நாமாக இட்டுக்கட்டக் கூடாது. ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, இன்னொருவர் காதால் கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்தான் எழுத வேண்டும். டாக்டர் வைபர்ன் இதில் ரொம்பக் கண்டிப்பு.

வெள்ளைச் சீட்டு ஒரு கட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் வெண்ணெய் மடித்துவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
கெஸியா


ஹாக்ஸ்கில்
28 நவம்பர் 1920

அன்புள்ள கெஸியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று மார்ஜரி பீக்காக்கிடம் சொன்னேன். “நல்ல பையனாப் பாத்துக் கட்டிக்கோன்னா, இந்தப் பொண்ணு போயும் போயும் ஒரு வார்த்தையைக் கட்டிக்குதே, டோர்காஸ்” என்றாள். அவளிடம் பதில் சொல்லி ஜெயிக்க முடியுமா? சிரித்துவிட்டு வந்தேன்.

சீட்டுகள் வைத்திருக்கிறேன், எண்ணிக்கொள். முதலாவது மார்ஜரி சொன்னது. பாலாடைக்கட்டிக்குப் பால் உறைந்ததும் சொன்னாள்: “பால் ஓடிடுச்சு, இனிமே கை வைக்காதே.” லீட்ஸ் பட்டணத்து ஆட்களுக்குப் பால் உறைந்தாலும் தெரியாது, திரிந்தாலும் தெரியாது. அதனால் விளக்கமாக எழுதியிருக்கிறேன். இரண்டாவது, கிடாயை ஆடுகளோடு சேர விட்ட அன்று வண்டிக்கார நெட் ஹார்க்கர் சொன்னது: “இது கிடா ஓடுற மாசம். வருஷம் பூரா சும்மா தின்னுட்டு இப்பத்தான் வேலைக்குப் போவுது, எங்க மச்சான் மாதிரி.” மச்சானைப் பற்றிய பகுதி அகராதிக்குத் தேவையா என்று தெரியவில்லை, ஆனால் அவன் அப்படியேதான் சொன்னான். விதி விதிதானே? மெழுகுவர்த்தி ஓடுவது ஒன்று, ஒரு மத்தியானத்தில் பாவாடை ஓட்டித் தைத்து முடிப்பது ஒன்று, பிடிவாதம் ஆல்டர்சன் குடும்பத்து ரத்தத்தில் ஓடுகிறது என்பது ஒன்று. கடைசியாக உள்ளதை யார் சொன்னார் என்று எழுதவில்லை. உனக்கே தெரியும்.

இன்னும் சில சீட்டு உன் அண்ணன் சைலஸைப் பற்றியவை. “சைலஸ் ஓடி வரான், கதவைத் திற.” இதை உன் அப்பா சொன்னார். அந்த நாளில் தினமும் சாயங்காலம் சொல்வார், இப்போது அவரும் இல்லை. “அவன் ஓடினா செருப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.” இது நான் சொன்னது, கேட்டது மார்ஜரி.

இன்னொன்று இருக்கிறது. சீட்டில் எழுதலாமா என்று தெரியவில்லை. சாயங்காலம் நான் பால் கறக்க உட்காரும்போது சந்தில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்கிறது. ஆணி அடித்த பூட்ஸ். கல்லில் தட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்கும். நாய் தலையைத் தூக்குகிறது, குரைப்பதில்லை. சத்தம் நம் வாசல் படல் வரைக்கும் வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது. எழுந்துபோய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. முதலில் பயமாக இருந்தது. இப்போது அந்த நேரத்துக்குச் சரியாக முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மற்றபடி செய்தி என்னவென்றால், சண்டையில் இறந்த பையன்களுக்கு ஊரில் கல் நடப்போகிறார்கள். மிஸ்டர் ஃபாசெட்தான் கமிட்டித் தலைவர். வேறு யார்? பெயர்களையெல்லாம் சேகரித்துக்கொண்டிருக்கிறார். சைலஸ் பெயரை நானே போய்க் கொடுத்தேன். பிறந்த தேதியும் கேட்டார். கொடுத்தேன்.

காலுறையைப் போட்டுக்கொள். பெட்டியில் வைத்துப் பூட்டாதே.

உன் அம்மா,
டோர்காஸ் ஆல்டர்சன்


லீட்ஸ்
16 ஜனவரி 1921

அன்புள்ள அம்மாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வர முடியாமல் போனதற்கு இன்னும் கோபமா? பனியில் ரயிலே நின்றுவிட்டபோது நான் என்ன செய்வேன்? நீங்கள் அனுப்பிய கேக்கை ஆபீஸில் பங்கிட்டேன். மிஸ் பிக்கர்ஸ்கில் மூன்று துண்டு எடுத்துக்கொண்டு, எனக்குப் பசியே இல்லை என்றும் சொன்னாள்.

உங்கள் சீட்டுகள் இங்கே பிரபலமாகிவிட்டன. நெட் ஹார்க்கரின் மச்சானை டாக்டர் வைபர்ன் வெட்டவே விடவில்லை. “இதுதாம்மா பேச்சு” என்றார். உறைந்த பாலுக்கு நீங்கள் எழுதிய விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சீட்டுக்குச் சீட்டு சைலஸ் வேண்டாம் அம்மா. எல்லாவற்றிலும் இருக்கிறான். போன கட்டில் மழைத்தண்ணீர் ஓடுவதற்குக்கூட அவன்தான் வந்து காகிதக் கப்பல் விடுகிறான். வாக்கியங்களில் குறை இல்லை. எனக்குத்தான் அவற்றை வகை பிரிக்கும்போது கை நின்றுவிடுகிறது. அந்தக் காலடிச் சத்தத்தைப் பற்றியும் யோசித்தேன். பக்கத்துப் பண்ணைப் பையன்கள் யாராவதாக இருக்கும். இல்லாவிட்டால் ஓடைச் சத்தம். தனியாக இருந்தால் காது இப்படியெல்லாம் வேலை காட்டும். மார்ஜரி அத்தையைச் சாயங்காலங்களில் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஆபீஸ் கூடத்தில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். எங்களில் யார் வீட்டுப் பையன்களெல்லாம் சண்டையில் போனார்களோ அவர்கள் பெயர் பொன்னெழுத்தில். டாக்டர் வைபர்னின் ஒரே மகன் ஹியூ பெயர் முதலில். அடுத்தது நம் சைலஸ். பெயர் கேட்டபோது நான் கொடுத்துவிட்டேன். அவர் காலையில் உள்ளே வரும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதன் முன் கொஞ்சம் நிற்பார். சைலஸுக்கும் சேர்த்துத்தானே அந்த மரியாதை. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

இத்துடன் ஓர் அச்சிட்ட தாள் இருக்கிறது. எந்தெந்தப் பொருளுக்கு இன்னும் வாக்கியம் கிடைக்கவில்லையோ அதை எல்லா ஊர் அன்பர்களுக்கும் அனுப்புகிறோம். முடிந்ததைப் பாருங்கள்.

உங்கள் அன்பு மகள்,
கெஸியா


ஹாக்ஸ்கில்
13 பிப்ரவரி 1921

அன்புள்ள கெஸியாவுக்கு,

மாடு சினை பிடித்துவிட்டது. கூரையில் இரண்டு பலகைக்கல் பெயர்ந்து, நெட் வந்து சரிசெய்தான். கூலி வாங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்துவிட்டு, இரண்டு பாலாடைக்கட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

உன் அச்சுத்தாளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தேன். ஈயம் உருகி ஓடுவதற்கு ஒன்று, முள்வேலி ஓடுவதற்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன். தாளின் அடியில் ஒரு பொருள் போட்டிருந்தது: ‘போர்க்களத்தை விட்டு ஓடுதல். பேச்சு வழக்கிலிருந்து வாக்கியம் தேவை.’ இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள். என் காதுபட என்றால் சொல்லவே மாட்டார்கள். நான் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு மாறுகிறது. மாவு விலை, மழை, ஆட்டுக்கு வந்த கால் நோய். ஊரில் எல்லோரும் எவ்வளவு நல்லவர்கள் பார்.

போன செவ்வாய்க்கிழமை மிஸ்டர் ஃபாசெட் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தேநீர் கொடுத்தேன். கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“டோர்காஸ், கல்லு சின்னது. எல்லாப் பேரும் புடிக்குமான்னு தெரியல.”

“எங்க பேரு நீளம்கிறீங்களா?” என்றேன். “வெறும் ‘சைலஸ்’னு போட்டாக்கூடப் போதும்.”

“அதுக்கில்ல. ராணுவ ஆபீஸுக்கு எழுதிக் கேட்டோம். அவங்க பதில்ல கொஞ்சம்... கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. நீ மனசப் போட்டுக் குழப்பிக்காதே. இது நாங்க பாத்துக்கறோம். யாரும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

தேநீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். நல்ல தேநீர். கோழிக்கு ஊற்றினேன்.

கல்லில் அவன் பெயர் வராது என்பது தெரிந்துவிட்டது. ஏன் வராது, கெஸியா? நீ படித்தவள், நாலு இடம் போய் வருகிறவள். உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் எழுது.

காலடிச் சத்தம் இப்போது தினமும் கேட்கிறது. மார்ஜரியைக் கூட வைத்துக்கொள்ளச் சொன்னாய், வைத்துக்கொண்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. நாய்க்குக் கேட்கிறது.

அம்மா


லீட்ஸ்
17 பிப்ரவரி 1921

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் பார்த்தவுடன் எழுதுகிறேன். அந்தத் தாளை முதலில் கணப்பில் போட்டுவிடுங்கள். எல்லோருக்கும் அச்சடித்துப் போகிறது. உங்களுக்கு அனுப்பும்போது கடைசி வரியை அடித்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். தினமும் நூறு சொல், நூறு பொருள். கண்ணுக்கு முன்னால் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. என் அம்மாவுக்கு அனுப்புகிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ராணுவ ஆபீஸில் ஏதோ குளறுபடி நடந்திருக்கும். லட்சக்கணக்கான பையன்கள், ஒரே மாதிரிப் பெயர்கள். ஆல்டர்சன் என்று எத்தனை பேர் இருப்பார்கள்! நானே எழுதி விசாரிக்கிறேன். ஆனால் நாள் பிடிக்கும். அதுவரை நீங்கள் ஃபாசெட் வீட்டுப் படி ஏற வேண்டாம், கமிட்டிக் கூட்டத்துக்கும் போக வேண்டாம். கல்லில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இங்கே பலகையில் இருக்கிறது. அப்பா சொன்னதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே குண்டு, வலியே இல்லை. அதுதான் உண்மை.

ஈஸ்டர் வரை இங்கே வந்து என்னோடு இருங்களேன். மிசஸ் டிரான்மர் அரை வாடகை கேட்பாள், கொடுத்துவிடலாம்.

உங்கள் அன்பு மகள்,
கெஸியா


ஹாக்ஸ்கில்
6 மார்ச் 1921

கெஸியாவுக்கு,

நீ ஒரு விஷயத்தில் அப்பா மாதிரியே. பொய் சொல்லும்போது நிறையப் பேசுவாய்.

எனக்குத் தெரியும், கண்ணு. ஆரம்பத்திலிருந்தே தெரியும். அந்த ராணுவ உறை வந்தபோது அப்பா மேல்காட்டில் கதிர் கட்டிக்கொண்டிருந்தார். தபால்காரன் என் கையில்தான் கொடுத்தான். பிரித்துப் படித்தேன். மாவுப் பசை தடவி மறுபடி ஒட்டிக் கணப்பு மேட்டில் வைத்தேன். அப்பா வந்தார், எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்து, “பையன் சண்டையில போயிட்டான், டோர்காஸ். ஒரே குண்டு. வலியே இல்லையாம்” என்றார். என் தலையிலாவது அந்தப் பாரம் ஏறாமல் இருக்கட்டும் என்று அந்த மனுஷன் கொட்டகையில் நின்று ஒரு வாக்கியத்தை உண்டாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதை நான் எப்படி உடைப்பது? “சரி” என்றேன். கஞ்சி ஊற்றினேன். இரண்டு பேரும் குடித்தோம். அவர் சாகிறவரைக்கும் எனக்குத் தெரியாது என்றே நினைத்துச் செத்தார். அப்பாவை அடக்கம் செய்த அன்று, என் முகத்தைப் பார்க்காமல் நீ எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாய். உன்னிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று அப்போதே புரிந்தது. பிறகு உனக்காகவும் தெரியாதது மாதிரி இருந்தேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். மார்ஜரியின் மகன் டாம் அந்தப் பட்டாளத்தில்தானே இருந்தான்? போன வருஷம் வைக்கோல் அள்ளும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் சொன்னான். குண்டு மழை நாள்கணக்கில் விழுந்ததாம். ஒரு காலையில் சைலஸைக் காணோம். தேடிக்கொண்டு போனவர்கள் பின்பக்கம் தூரத்தில் ஒரு பண்ணையில் கண்டுபிடித்தார்கள். ஒளிந்துகொண்டிருக்கவில்லை. அங்கே ஒரு மாடு மடி கட்டிப்போய்க் கத்திக்கொண்டிருந்ததாம். உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தான். “கொஞ்சம் இருங்க, முடிச்சிட்டு வரேன்” என்றானாம். அதற்குப் பிறகுதான் அவனை விசாரித்து, ஒரு விடியற்காலையில் நம் ஆட்களே நிற்க வைத்துச் சுட்டார்கள்.

இப்போது சொல்கிறேன் கேள். என் பிள்ளை ஓடி வந்து படலோடு நின்றுவிடுகிறானே, ஏன் உள்ளே வரவில்லை என்று இந்தக் குளிர்காலம் பூராவும் யோசித்தேன். இந்த வீட்டில் ஒரு சைலஸை உட்கார வைத்திருக்கிறோம். ஓடாதவன். ஒரே குண்டில் போனவன். ஓடினவனுக்கு உள்ளே இடம் ஏது? அவன் வெளியிலேயே நிற்கிறான்.

வியாழக்கிழமை ஜெபவீட்டுப் பள்ளி அறையில் கமிட்டி கூடியது. போனேன். ஃபாசெட் பெயர்களைப் படித்து முடித்ததும் எழுந்து, “ஒரு பேரு விட்டுப்போச்சு” என்றேன்.

“டோர்காஸ், வேணாமே. நாங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே.”

“அதான் எனக்குக் குறை. யாரும் ஒண்ணும் சொல்லல. அதனால நானே சொல்றேன். எங்க சைலஸ் ஆல்டர்சன் சண்டையிலேருந்து ஓடினான். நம்ம ஆளுங்களே அவனைச் சுட்டாங்க.”

பிறகு நெட்டின் மனைவி எழுந்தாள். அவள் சண்டைக்கு இரண்டு பையன்களைக் கொடுத்தவள். என் பக்கம் திரும்பாமலே வெளியே போனாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் வலித்தது. கல்லைப் பற்றிய முடிவு மாறவில்லை. மார்ஜரி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

இத்துடன் இருக்கிற சீட்டு அவள் எழுதியது. நான் சொன்னேன், அவள் கேட்டாள், அவள் எழுதினாள். விதிப்படிதான் இருக்கிறது. ஒரு எழுத்து மாறாமல் போடு. பெயரோடு போடு. கல்லில் இடமில்லையென்றால் உன் புத்தகத்தில் இருக்கட்டும். உன்னிடம் இதுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து காலடிச் சத்தம் கேட்கவில்லை. உள்ளே வந்துவிட்டானா, போய்விட்டானா, தெரியவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று பால் கறக்கும்போது இருக்கிறது.

அம்மா


லீட்ஸ்
12 மார்ச் 1921

அம்மா,

எப்படி இந்தக் காரியத்தைச் செய்தீர்கள்? ஊர் நடுவில், பள்ளி அறையில்! நெட் மாமா வீட்டில் இனி நம்மை வாசலிலாவது நிற்க விடுவார்களா? டாம் சொன்னதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. ஆனாலும் நீங்கள் கேட்பதை என்னால் செய்ய முடியாது.

அந்தப் பலகையைப் பற்றி எழுதினேனே. சைலஸ் பெயரை அதில் எழுதச் சொன்னது நான். டாக்டர் வைபர்ன் தினமும் தொப்பியைக் கழற்றுகிறார். தன் ஒரே மகனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறான் என்று தெரிந்தால் அவர் என்னை என்னவென்று நினைப்பார்? நான் இந்த வேலைக்கு எவ்வளவு பாடுபட்டு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அதோடு அகராதியில் யார் பெயரும் முழுசாக வருவதில்லை. முதல் எழுத்து மட்டும்தான். நீங்கள் நினைப்பதுபோல அது கல் இல்லை.

சீட்டை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கிழித்துவிடவில்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள். இத்தனை வருஷம் எனக்காகத் தெரியாதது மாதிரி இருந்தீர்கள். இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கக் கூடாதா?

கெஸியா


லீட்ஸ்
10 ஏப்ரல் 1921

அன்புள்ள அம்மாவுக்கு,

ஈஸ்டருக்கு எழுதினேன், அதற்கும் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மார்ஜரி அத்தைக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். ‘நல்லாத்தான் இருக்கா, பால் கறக்குறா, சாப்பிடுறா, பேசறதில்ல’ என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள்.

கெஸியா


லீட்ஸ்
7 மே 1921

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் பதில் எழுத மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

‘ரன்’ முடிந்துவிட்டது. அச்சுக்குப் போகுமுன் எல்லோரும் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் தேர்ந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படிப்பது வழக்கம். சொல் என்னுடையது என்பதால் நான்தான் படித்தேன். உறைந்த பால், உருகின ஈயம், நெட் மாமாவின் மச்சான் எல்லாம் ஆயிற்று. போர்க்களத்துப் பொருள் வந்தது. அதற்குப் பழைய பாட்டு ஒன்றிலிருந்து ஒரு வரி எடுத்து வைத்திருந்தேன். நல்ல வரிதான். ஆனால் அது எங்கோ எப்போதோ யாரோ ஓடினது. அதைப் படிக்க வாய் வரவில்லை அம்மா. எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து மார்ஜரி அத்தையின் சீட்டை எடுத்துவந்து படித்தேன். முழுவதும் படித்தேன்.

டாக்டர் வைபர்ன், “யார் சொன்னது?” என்றார்.

“எங்க அம்மா.”

அவர் கண் பலகைக்குப் போயிற்று. “சைலஸ்னா...”

“ஆமா சார். உங்க ஹியூவுக்கு அடுத்தாப்ல இருக்கிற சைலஸ்தான். எங்கண்ணன். சண்டையில சாகல. பேரைக் குடுத்தது நான். சொல்லுங்க, அழிச்சிடச் சொல்றேன்.”

அவர் எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்றார். எங்களுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. திரும்பாமலே சொன்னார்: “எதுக்கு அழிக்கணும்? செத்துட்டான்தானே?” பிறகு, “எங்க ஹியூ ஓடல. ஓட நேரம் கிடைக்கல, அவ்வளவுதாம்மா. ரயிலை விட்டு எறங்கின மறுநாளே முடிஞ்சிடுச்சு” என்றார். வந்து உட்கார்ந்து, “அடுத்ததைப் படிங்க” என்றார். எனக்கு எழுத்தே தெரியவில்லை. மிஸ் பிக்கர்ஸ்கில்தான் வாங்கி மீதியைப் படித்தாள்.

பெயரைப் பற்றி நான் வாதாடிப் பார்த்தேன். விதி எல்லோருக்கும் ஒன்று என்று சிவப்பு மையால் குறைத்துவிட்டார். சுட்ட விஷயம் இந்தச் சொல்லுக்குச் சம்பந்தம் இல்லையே, வெட்டிவிடலாமே என்று ஒருவர் கேட்டபோது மட்டும், “இருக்கட்டும், விடுங்க” என்றார். புத்தகத்தில் இப்படித்தான் வரும்: ‘எங்க எஸ். சண்டையிலேருந்து ஓடினான். நம்ம ஆளுங்களே அவனைச் சுட்டாங்க. — டி. ஏ., ஹாக்ஸ்கில்.’

நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை. இவ்வளவுதான் என்னால் முடிந்தது. இன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் மிசஸ் டிரான்மர், “உங்கண்ணன் எந்தச் சண்டையில போனான்?” என்று வழக்கம்போலக் கேட்டாள். இந்த முறை உண்மையைச் சொன்னேன். உப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் அழுதாள். அவள் தம்பியும் சைலஸ் மாதிரிதான் போனானாம். எந்தச் சண்டை என்று எனக்குச் சொல்லியிருந்தாளோ அது இல்லையாம்.

ஆபீஸில் ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள். நான் வந்தால் கதவைத் திறப்பீர்களா?

கெஸியா


ஹாக்ஸ்கில்
23 மே 1921

அன்புள்ள கெஸியாவுக்கு,

நேற்று கல்லைத் திறந்தார்கள். பட்டாளத்திலிருந்து ஊதுகொம்புக்காரன் வந்திருந்தான். நானும் கறுப்பு உடுத்திக்கொண்டு போய் நின்றேன். போகாதே என்று மார்ஜரி சொன்னாள். ஏன் போகக் கூடாது? அந்தப் பையன்கள் எல்லோரும் என் சமையலறையில் சாப்பிட்டவர்கள். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். நெட் மனைவியின் இரண்டு பையன்களும் அடுத்தடுத்து இருந்தார்கள். அவள் அழுதாள், நான் அழவில்லை. கூட்டம் கலையும்போது அவள் என் பக்கமாக வந்தாள். என் சால்வை நழுவியிருந்தது, அதை இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். வந்து நாளாயிற்று, பிரிக்காமலே வைத்திருந்தேன். கோபம்தான், வேறென்ன. கண் மங்கலாக இருந்ததால் மார்ஜரியைப் படிக்கச் சொன்னேன். அவள் அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படித்தாள். என் வாயால் நான் சொன்னபோது எனக்கு அது கேட்கவே இல்லை, கெஸியா. அன்று ஃபாசெட் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி வாயால் வந்தபோதுதான் காதில் விழுந்தது.

எஸ். போதும். உங்கள் வைபர்னிடம் சொல், அவர் பையனுக்காக நாங்கள் இரண்டு பேரும் ஜெபம் செய்தோம் என்று.

பிறகு அழுதேன். இத்தனை நாள் அழாமலா இருந்தாய் என்று கேட்பாய். அழுதேன், ஊரோடு சேர்ந்து, அப்பாவோடு சேர்ந்து, ஒரே குண்டில் போன ஒருத்தனுக்காக. அவனை எனக்குத் தெரியாது. என் பிள்ளைக்கு நேற்றுத்தான் அழுதேன்.

இன்னும் முடியவில்லை. மார்ஜரிக்கு அவள் வீட்டு வேலை இருக்கிறது, எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பாள்? சீக்கிரம் வா. கூட அழ ஆள் வேண்டும்.

உன் அம்மா